காய்ச்சல் சீட்டில் எழுத மறந்தவை: ஆய்வகச் சோதனைகள் பற்றி வாசகர் கேள்விகள்

இம்முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் பாலக்காட்டின் கிழக்கு ஓரத்திலிருந்து வந்தவை. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், முதலமடைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் காய்ச்சல் என்றால் முதலில் சித்தூருக்குப் போகின்றன. குறையவில்லை என்றால் பொள்ளாச்சி, அதற்கும் அடங்காவிட்டால் கோயம்புத்தூர். போகிற இடமெல்லாம் புதிதாக ரத்தம் எடுக்கிறார்கள். முந்தைய இடத்தில் என்ன மருந்து போட்டார்கள், காய்ச்சல் எத்தனையாவது நாள், நோயாளி என்ன வேலை செய்கிறார் என்ற விவரம் மட்டும் கூடப் போவதில்லை. கிருமியின் பெயர் கிடைக்காமல் போவதற்கு இயந்திரக் கோளாறைவிட இதுவே பெரிய காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

என் கணவருக்கு ஏழு நாளாகக் காய்ச்சல். இரண்டாம் நாளே வைடால் பார்த்து டைபாய்டு என்று சொல்லி ஊசி போட்டார்கள். குறையவில்லை. ஐந்தாம் நாள் எடுத்த ரத்தக் கல்ச்சரில் "வளர்ச்சி இல்லை" என்று வந்திருக்கிறது. அப்படியானால் டைபாய்டு இல்லையா, டாக்டர்?
குடும்பத் தலைவி, கொழிஞ்சாம்பாறை

அம்மா, பதிலைப் படித்து முடிக்கும் முன்பே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஏழு நாள் தாண்டியும் காய்ச்சல் நிற்கவில்லை என்றால் இன்றே அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மூச்சுத் திணறல், மஞ்சள் காமாலை, சிறுநீர் குறைதல், உளறல் இவற்றில் ஒன்று இருந்தாலும் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்க வேண்டாம்.

வைடால் 1896-ஆம் ஆண்டு வந்த சோதனை. அது கிருமியைக் காட்டுவதில்லை. கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளைத்தான் காட்டுகிறது. எதிர்ப்பொருள் அளவிடும்படி உயர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். ஆகவே இரண்டாம் நாள் வந்த "பாசிட்டிவ்" பெரும்பாலும் பழைய தொற்றின் அல்லது தடுப்பூசியின் மிச்சம். டைபாய்டு அடிக்கடி வருகிற நம் ஊர்களில் நலமாக இருப்பவர்களின் ரத்தத்திலும் ஓரளவு எதிர்ப்பொருள் இருக்கும். பத்துப் பதினான்கு நாள் இடைவெளியில் இரண்டு முறை பார்த்து, அளவு நான்கு மடங்கு உயர்ந்தால்தான் அந்தச் சோதனைக்குப் பொருள் உண்டு. ஒரே ஒரு வைடாலை நம்பி மருந்து தொடங்குவதை நான் ஏற்பதில்லை.

கல்ச்சரில், அதாவது ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில், ஒன்றும் வளராததும் டைபாய்டு இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. டைபாய்டு நோயாளியின் ரத்தத்தில் கிருமிகள் மிகக் குறைவு. பல வேளைகளில் ஒரு மில்லிக்கு ஒன்றுகூடத் தேறாது. அதனால்தான் பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு எட்டு முதல் பத்து மில்லி வீதம், குறைந்தது இரண்டு பாட்டில்கள் எடுக்கச் சொல்கிறோம். அதையும் ஆன்டிபயாடிக் ஊசிக்கு முன்பே எடுக்க வேண்டும். மூன்று நாள் ஊசிக்குப் பிறகு இரண்டு மில்லி எடுத்தால் வெறும் பாட்டில்தான் திரும்பி வரும்.

டைபாய்டே இல்லாமல் இருக்கவும் வாய்ப்பு உண்டு. அவருடைய அக்குள், இடுப்பு மடிப்பு, தொடையிடுக்கு, காதுக்குப் பின்புறம் ஆகிய இடங்களை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். சிகரெட்டால் சுட்டதுபோல் வலியில்லாத கறுப்புப் பொருக்கு இருந்தால் அது ஸ்க்ரப் டைஃபஸ் ஆக இருக்கலாம். மலையாளத்தில் செள்ளுப்பனி என்பது இதுதான். இதன் கிருமியான ஓரியன்ஷியா உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே பெருகும். சாதாரணக் கல்ச்சர் பாட்டிலில் எத்தனை நாள் வைத்தாலும் வளராது. டைபாய்டுக்குப் போடும் செஃப்ட்ரியாக்சோன் ஊசிக்கும் இது அடங்காது, டாக்ஸிசைக்ளின் கேட்கும். ஐ.ஜி.எம் எலைசா என்ற எதிர்ப்பொருள் சோதனை உதவும். வெயில்-ஃபெலிக்ஸ் என்ற மலிவான சோதனையும் உண்டு. அதில் நெகட்டிவ் வந்தாலும் நோய் இல்லை என்று தள்ளிவிட முடியாது. பொருக்கு இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் அதைப் பார்க்காமல் விட்டிருக்கக்கூடும். ஆடை களையாமல் பார்த்தால் தெரியாது.

வயலில் நடவு வேலை செய்கிறேன். எலிப்பனி (எலிக்காய்ச்சல்) வராமலிருக்க வாரம் ஒருமுறை டாக்ஸிசைக்ளின் கொடுக்கிறார்கள். ரத்தம் பார்க்காமலே மாத்திரை எதற்கு என்று ஆனைமலையில் உள்ள என் அண்ணன் கேட்கிறார்.
விவசாயத் தொழிலாளி, வேலந்தாவளம்

நோய் வந்த பிறகு போடுவது வேறு, வராமல் காக்கப் போடுவது வேறு. சேற்றிலும் தேங்கிய நீரிலும் நிற்பவர்களுக்கு வாரம் 200 மில்லிகிராம் என்பது கேரள சுகாதாரத் துறை பரிந்துரைக்கும் தடுப்பு முறை. கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் இதைத் தாமாக எடுக்கக் கூடாது. காய்ச்சல் வந்துவிட்டால், "சேற்றில் வேலை செய்கிறேன், காலில் வெடிப்பு இருக்கிறது" என்று முதல் வாக்கியமாகவே மருத்துவரிடம் சொல்லுங்கள். முதல் வாரத்தில், ரத்தத்தில் கிருமியின் மரபுப்பொருளைத் தேடும் பி.சி.ஆர் சோதனை எலிக்காய்ச்சலைக் காட்டும். எதிர்ப்பொருள் சோதனை ஐந்தாறு நாள் கழித்தே காட்டத் தொடங்கும். அதனால் முடிவுக்குக் காத்திராமல் சந்தேகத்தின் பேரிலேயே சிகிச்சை தொடங்குவதுதான் சரி.

எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. மாந்தோப்பு வேலை. மழைக்காலத்தில் கல்லீரலில் சீழ்க்கட்டி வந்து வடித்தார்கள். சீழ் கல்ச்சரில் "சூடோமோனாஸ் வகை" என்று மட்டும் எழுதியிருந்தது. பத்து நாள் மருந்து முடித்து வீடு திரும்பினேன். ஒரு மாதத்தில் காய்ச்சல் திரும்பிவிட்டது. காசநோயாக இருக்குமோ என்கிறார்கள்.
முதலமடை வாசகர்

ஐயா, இந்த இதழின் கேள்விகளில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது உங்களுடையதுதான். சர்க்கரை நோய், மண்ணில் வேலை, மழைக்காலம், உள்ளுறுப்பில் சீழ், மருந்து நிறுத்தியதும் திரும்பும் காய்ச்சல் என்ற ஐந்தும் சேர்ந்தால் மெலியாய்டோசிஸ் நினைவுக்கு வந்தாக வேண்டும். 1911-இல் ரங்கூனில் விட்மோர், கிருஷ்ணசாமி என்ற இரு மருத்துவர்கள் முதலில் கண்டறிந்த நோய் இது. இதன் கிருமி பர்க்ஹோல்டேரியா சூடோமல்லை. மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்வது. தோல் கீறல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போகும். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் இது இருக்கிறது.

1992 வரை இந்தக் கிருமியையும் சூடோமோனாஸ் பேரினத்தில்தான் சேர்த்திருந்தார்கள். இன்றும் ஒரு சிறிய லேபில் ஆக்ஸிடேஸ் சோதனை பாசிட்டிவ், கிராம் நெகட்டிவ் (சாயச் சோதனையில் இளஞ்சிவப்பாகும்) குச்சி வடிவம் என்ற இரண்டையும் பார்த்து "சூடோமோனாஸ் வகை" என்று எழுதி நிறுத்திவிட முடியும். தானியங்கி இயந்திரங்களும் சிலவேளை நெருங்கிய இனமொன்றின் பெயரைக் கொடுத்துவிடுகின்றன.

ஆனால் உங்கள் பழைய ரிப்போர்ட்டிலேயே துப்பு இருக்கக்கூடும். அதன் மருந்துப் பட்டியலைப் பாருங்கள். வழக்கமான சூடோமோனாஸ் ஏருஜினோசாவுக்குக் கோ-அமாக்ஸிகிளாவ் வேலை செய்யாது. கோலிஸ்டின் பொதுவாக வேலை செய்யும். மெலியாய்டோசிஸ் கிருமியில் இது தலைகீழ்: கோலிஸ்டினுக்கும் ஜென்டாமைசினுக்கும் அடங்காது, கோ-அமாக்ஸிகிளாவுக்கு அடங்கும். இந்த வரிசை தென்பட்டாலே ஆய்வக மருத்துவர் நிமிர்ந்து உட்கார வேண்டும். இன்னொரு செய்தி: கல்ச்சர் பிளேட்டில் இதன் கிருமித் திட்டுகள் முதல் நாள் சாதாரணமாகத் தெரியும், இரண்டு மூன்று நாள் வைத்தால்தான் காய்ந்து சுருக்கம் விழும். மறுநாளே பிளேட்டைக் கழித்துவிடும் லேபில் அந்த அடையாளம் காணாமல் போகும். மெலியாய்டோசிஸ் என்ற சந்தேகத்தைச் சீட்டில் எழுதினால், பிளேட்டை நீண்ட நாள் வைப்பார்கள். பாதுகாப்புப் பெட்டிக்குள் வைத்துக் கையாள்வார்கள். லேடக்ஸ் சோதனையோ பி.சி.ஆரோ செய்யத் தோன்றும். பிளேட்டைத் திறந்து முகர்ந்து பார்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்தக் கிருமி ஆபத்தானது.

பெயர் தெரிவதால் சிகிச்சையே மாறுகிறது. குறைந்தது இரண்டு வாரம் செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் நரம்பு வழியாகக் கொடுத்து, பிறகு மூன்று மாதம் கோ-ட்ரைமாக்ஸசோல் மாத்திரை தொடர வேண்டும். பத்து நாளில் நிறுத்தினால் திரும்பி வருவது இதன் இயல்பு. காசநோய் மருந்து தொடங்கும் முன் சீழும் ரத்தமும் மீண்டும் கல்ச்சருக்குப் போகட்டும். பழைய ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சீட்டு, மருந்துப் பட்டியல் மூன்றையும் எடுத்துக்கொண்டு மருத்துவக் கல்லூரி அளவிலான ஆய்வகம் உள்ள மருத்துவமனைக்குப் போங்கள்.

கல்ச்சர் ரிப்போர்ட்டில் ஒரு மருந்துக்கு நேரே 28, இன்னொன்றுக்கு 19 என்று இருக்கிறது. இரண்டுக்கும் "எஸ்" போட்டிருக்கிறார்கள். 28 உள்ளதுதானே வலிமையான மருந்து?
ஆட்டோ ஓட்டுநர், மீனாட்சிபுரம்

இல்லை. "எஸ்" என்றால் அந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று பொருள். அந்த எண்கள் மருந்து வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டத்தின் விட்டம், மில்லிமீட்டரில். ஒவ்வொரு மருந்தும் அகார் என்ற வளர்ப்புக் கூழில் பரவும் வேகம் வேறு. ஆகவே ஒவ்வொன்றுக்கும் தனி எல்லைக்கோடு உண்டு. ஒரு மருந்தின் 19 போதுமானதாகவும், இன்னொன்றின் 19 போதாததாகவும் இருக்கும். எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடாதீர்கள். எந்த மருந்து நோய் இருக்கும் உறுப்பைப் போய்ச் சேரும், உங்கள் சிறுநீரகம் தாங்குமா என்பதைப் பார்த்து மருத்துவர் தேர்ந்தெடுப்பார். ரிப்போர்ட்டை மருந்துக் கடையில் நீட்டி வாங்கிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். மாநில எல்லையின் எந்தப் பக்கமானாலும் ஆன்டிபயாடிக் சீட்டுக்கு உட்பட்ட மருந்துதான்.

சிறுநீர்க் கல்ச்சரில் "கலப்பு வளர்ச்சி, மீண்டும் மாதிரி அனுப்பவும்" என்று எழுதிவிட்டார்கள். பணம் வீண்தானா?
வாசகி, சித்தூர்

லேப் உங்களுக்கு நல்லதே செய்திருக்கிறது. மூன்று நான்கு வகைக் கிருமிகள் ஒன்றாக வளர்ந்தால் அவை பெரும்பாலும் தோலிலிருந்து கலந்தவை. அதில் ஒன்றைப் பிடித்துப் பெயரிட்டு மருந்து எழுதியிருந்தால்தான் வீண். அடுத்த முறை சுத்தம் செய்துகொண்டு, முதலில் வருவதை விட்டு நடுவில் வருவதைக் கிருமி நீக்கிய டப்பாவில் பிடியுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் கொடுங்கள். முடியாவிட்டால் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். பஸ்ஸில் வெயிலில் வரும் டப்பாவுக்குள் ஆயிரம் கிருமி லட்சமாகிவிடும். ஒரு மில்லிக்கு லட்சம் என்ற வழக்கமான அளவுகோல் பொய்த்துப்போகும். எரிச்சல், காய்ச்சல் ஏதும் இல்லாமல் கிருமி மட்டும் தெரிந்தால், கர்ப்பிணிகளைப் போன்ற சிலருக்குத் தவிரச் சிகிச்சை தேவைப்படாது.

எங்கள் பண்ணையில் இரண்டு பசுக்கள் கன்று வீசிவிட்டன. இப்போது எனக்கு மாலையில் காய்ச்சல், முதுகுவலி, இரவெல்லாம் வியர்வை. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?
பால் பண்ணையாளர், கொழிஞ்சாம்பாறைப் பகுதி

இருக்கலாம், மாட்டிலிருந்து மனிதருக்குத் தொற்றும் புரூசெல்லோசிஸ் என்று சந்தேகிக்க வேண்டும். மருத்துவரிடம் மாடுகளைப் பற்றி நீங்களே சொல்லுங்கள், அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். ரத்தக் கல்ச்சர் கொடுத்தால் சீட்டிலும் அதை எழுதச் சொல்லுங்கள். மெதுவாக வளரும் கிருமி என்பதால் பாட்டிலை நீண்ட நாள் வைக்க வேண்டியிருக்கும். லேப் ஊழியர்கள் மூச்சு வழியாகவே இதைப் பெற்றுக்கொண்ட நிகழ்வுகள் உலகெங்கும் உண்டு. அவர்களைக் காப்பதும் உங்கள் ஒரு வரிதான். ரோஸ் பெங்கால் சோதனை சில நிமிடத்தில் முடிவைக் காட்டும். பாசிட்டிவ் வந்தால் அளவு பார்த்து உறுதி செய்வார்கள். இரண்டு மருந்துகள் சேர்த்து வழக்கமாக ஆறு வாரம் எடுக்க வேண்டும்.

மாடுகளுக்குக் கால்நடை மருத்துவரை அழையுங்கள். பண்ணைப் பாலில் வளையச் சோதனை என்று ஒன்று உண்டு: சாயமேற்றிய கிருமித் துகளைப் பாலில் கலந்து வைத்தால், நோய் உள்ள மந்தையின் பாலில் மேலே திரளும் ஆடை நீலமாகும். கிடேரிக் கன்றுகளுக்கு நான்கு முதல் எட்டு மாத வயதுக்குள் தடுப்பூசி போடுவது 2019-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் உண்டு. வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடாதீர்கள். ஆழக் குழிவெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். பாலைக் கொதிக்கவிட்டே குடியுங்கள், வீட்டுப் பிள்ளைகளுக்கும் அப்படியே.

கிராம் சாயச் சோதனையில் என் ஸ்டெஃபிலோகாக்கஸ் எப்போதும் இளஞ்சிவப்பாகவே வருகிறது. ஊதாவாக வர என்ன செய்ய வேண்டும்?
நுண்ணுயிரியல் மாணவி, பாலக்காடு

நிறம் நீக்கும் ஆல்கஹாலைச் சந்தேகப்படுங்கள். 1884-இல் கிராம் வகுத்த முறையில் கைத்திறன் தேவைப்படும் ஒரே கட்டம் அதுதான். வழிந்தோடும் நீர்மத்தில் ஊதா நின்றவுடன் நீரில் கழுவ வேண்டும்; சில விநாடிகள் கூடினாலும் தடித்த சுவருள்ள கிருமியும் ஊதாவை இழந்துவிடும். அடுத்துக் கல்ச்சரின் வயது: 18 முதல் 24 மணி நேரத்துக்குட்பட்டதை எடுங்கள். அதே ஸ்லைடில் ஒரு பக்கம் தெரிந்த ஸ்டெஃபிலோகாக்கஸ், மறுபக்கம் ஈ.கோலை வைத்தால் தவறு எங்கே என்று உடனே தெரியும். ஐயம் தீராவிட்டால் 3 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் திட்டைக் குழைத்துக் கம்பியை உயர்த்திப் பாருங்கள். கிராம் நெகட்டிவ் என்றால் நூலாக இழுக்கும்.

கேட்காமலே இன்னொன்று: கிருமி பிளாஸ்மாவை உறைய வைக்கிறதா என்று காட்டும் கோயாகுலேஸ் குழாயை நான்கு மணி நேரத்தில் கட்டாயம் பாருங்கள். உறைந்த பிளாஸ்மாவைச் சில ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் விடிவதற்குள் கரைத்துவிடும். காலையில் மட்டும் பார்த்தால் நெகட்டிவ் என்று எழுதிவிடுவீர்கள்.

சளியில் காசநோய்க் கிருமி இல்லை என்கிறது மைக்ராஸ்கோப், சி.பி.நாட் இருக்கிறது என்கிறது. எதை நம்புவது? நான் வேலைக்காகக் கோயம்புத்தூர் போகிறவன். மருந்து எங்கே வாங்குவது?
வாளையார் வாசகர்

கிருமியின் மரபுப்பொருளைத் தேடும் சி.பி.நாட் சோதனையை நம்புங்கள். மைக்ராஸ்கோப்பில் கண்ணுக்குப் பட ஒரு மில்லி சளியில் ஐயாயிரம் முதல் பத்தாயிரம் கிருமிகளாவது வேண்டும், சி.பி.நாட்டுக்கு நூற்றுக்கணக்கில் இருந்தாலே போதும். ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் ரிஃபாம்பிசின் மருந்துக்கு எதிர்ப்பு உண்டா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடும். முன்பு காசநோய்க்கு மருந்து எடுத்தவராக இருந்தால் அதை அவசியம் தெரிவியுங்கள்; இறந்த கிருமியின் மரபுப்பொருளையும் அது காட்டக்கூடும், அப்போது கல்ச்சரும் தேவைப்படும். மருந்து அரசு மையங்களில் இலவசம். நிக்ஷய் என்ற அரசுக் காசநோய்ப் பதிவேட்டின் எண் நாடு முழுவதற்கும் ஒன்றே. பாலக்காட்டில் பதிந்துவிட்டுக் கோயம்புத்தூருக்கு மாற்றிக்கொள்ளலாம். புறப்படும் முன் மையத்தில் சொல்லி மாற்றச் சொல்லுங்கள், இடையில் ஒரு வேளை மருந்தும் விடுபடாது.