பதில்: ஏஎம்எச் அதிகம் உள்ள முட்டைக் கொடையாளரைத்தான் எடுக்க வேண்டுமா?

வணக்கம் சகோதரி. கருத்தரிக்க முட்டை தானம் பெறப் பார்த்ததில் 27 வயதுக் கொடையாளருக்கு ஏஎம்எச் 2.6, 29 வயதுக்காரருக்கு 8.1, பெரிய எண்ணையே எடுக்கச் சொல்கிறார் கணவர் என்று எழுதியிருந்தீர்கள். நானாக இருந்தால் 27 வயதுக்காரர் பக்கம்தான் சாய்வேன்.

ஏஎம்எச் என்பது சினைப்பையில் முட்டை வளரும் சிறு நுண்ணறைகள் சுரக்கும் ஹார்மோன். முட்டை வளர ஊசி போட்டால் ஏறக்குறைய எத்தனை முட்டை கிடைக்கும் என்பதைத்தான் அது சொல்லும், முட்டையின் தரத்தைச் சொல்லாது, தரத்துக்கு வயதுதான் முக்கியம். அதோடு நம் இந்தியாவில் 2021 செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி ஒரு கொடையாளர் வாழ்நாளில் ஒரே முறைதான் தரலாம், அதிலும் ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது, அப்படியிருக்க 8.1 இருந்து உங்களுக்கு என்ன கூடுதல் லாபம்?

இன்னொன்று, 8.1 என்பது பிசிஓஎஸ் (சினைப்பையில் சிறு நுண்ணறைகள் நிறைய சேரும் ஹார்மோன் கோளாறு) ஆகவும் இருக்கலாம். அப்படிப்பட்டவருக்கு ஊசியின் அளவு கொஞ்சம் கூடினாலும் சினைப்பை வீங்கி வயிற்றில் நீர் கோக்கும் ஆபத்து அதிகம். அந்தப் பெண்ணின் உடம்பையும் நாம் யோசிக்கத்தானே வேண்டும்!

டாக்டரிடம் மாதவிலக்கின் 2-3ஆம் நாள் ஸ்கேனில் நுண்ணறை எண்ணிக்கை, அதே நாளின் எஃப்எஸ்எச் (நுண்ணறையை வளரத் தூண்டும் ஹார்மோன்), எஸ்ட்ராடயால் (சினைப்பை சுரக்கும் பெண் ஹார்மோன்) மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள், ஏனென்றால் எஸ்ட்ராடயால் ஏறியிருந்தால் எஃப்எஸ்எச் பொய்யாகக் குறைந்து தெரியும். அப்புறம் ஏஎம்எச் ரிப்போர்ட்டின் அலகையும் பாருங்கள், மில்லிலிட்டருக்கு ஒரு நானோகிராம் என்பது லிட்டருக்குக் கிட்டத்தட்ட 7 பிகோமோல், இரண்டு ரிப்போர்ட்டும் வேறு வேறு லேப் என்றால் ஒப்பிடுவதே தப்பாகிவிடலாம்.