மேனேஜர் ஒன்று சொல்கிறார், டைரக்டர் வேறு சொல்கிறார்: எதை முதலில் முடிப்பது?

கேள்வி: என் மேனேஜர், ஒரு மெயிலைக்கூடத் தன்னிடம் காட்டாமல் அனுப்பக் கூடாது என்பவர். இந்த வாரம் முழுக்கப் பழைய அறிக்கைகளைப் புது வடிவத்துக்கு மாற்றச் சொல்லியிருக்கிறார். நடுவில் டைரக்டர் நேராக என்னைக் கூப்பிட்டு, வியாழக்கிழமைக்குள் ஒரு செலவுக் கணக்கு வேண்டும் என்றார். இருவரிடமும் சரி என்று சொல்லிவிட்டேன். அப்ரைசல் போடுபவர் மேனேஜர்தான். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: இருவரிடமும் சரி என்றீர்களே, சிக்கலே அதில்தான். யார் பெரியவர் என்று பார்த்து நீங்களாக முடிவெடுக்காதீர்கள். எது தள்ளிப்போகலாம் என்று தீர்மானிக்கத்தான் மேலே இருப்பவர்களுக்குச் சம்பளம். இரண்டும் ஒரே வாரத்தில் நடக்காது என்பதை அவர்களுக்குத் தெரியவைப்பது மட்டுமே உங்கள் பொறுப்பு.

இன்றைக்கே மேனேஜருக்கு எழுதுங்கள்: “டைரக்டர் வியாழனுக்குள் செலவுக் கணக்கு கேட்டிருக்கிறார். அதற்கு இரண்டு நாள் ஆகும். அதை எடுத்தால் அறிக்கை வேலை அடுத்த செவ்வாய்தான் முடியும். கணக்கை முதலில் முடிக்கலாமா? அறிக்கைதான் முதலில் என்றால், டைரக்டரிடம் நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா?”

அந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். இந்த மாதிரி மேனேஜர்கள் பலருக்கு இருக்கும் பெரிய பயம், தன் ஆள் என்ன செய்கிறார் என்பதை மேலிடம் சொல்லித் தெரிந்துகொள்வது. நீங்கள் முந்திக்கொண்டு சொன்னால் பாதிக் கோபம் அடங்கிவிடும். பதில் வரவில்லையா? மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், பின்னால் “நான் பார்க்கவே இல்லையே” என்பார். நேரில் போய்க் கேளுங்கள். அப்புறம் “நீங்கள் சொன்னபடி கணக்கை முதலில் எடுக்கிறேன்” என்று ஒரு வரி மெயில் போட்டுவிடுங்கள்.

இதைவிட நான் பயப்படுவது நடுவில் நிற்கும் தூதுவர்களைப் பார்த்துத்தான். லிஃப்டில் டைரக்டர் “அது எப்போது முடியும்?” என்று சும்மா கேட்டிருப்பார். உங்கள் மேசைக்கு வரும்போது அது “நாளைக்கே வேண்டுமாம்” என்று ஆகியிருக்கும். டைரக்டர் பெயரைச் சொல்லித் தன் வேலையை உங்கள் தலையில் கட்டும் ஆட்களும் உண்டு. யார் வந்து சொன்னாலும், வேலையைத் தொடுமுன் டைரக்டரிடமே தேதியைக் கேட்டு உறுதிசெய்யுங்கள். “நான் அவரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுகிறேன்” என்று வருபவரிடம் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். அவர் என்ன பக்குவத்தில் சொன்னார் என்பது உங்களுக்குக் கடைசிவரை தெரியாது. மேனேஜருக்குத் தெரியாமல் டைரக்டரை பிசிசியில் போடுவதும் வேண்டாம். டைரக்டர் மறந்துபோய் ‘ரிப்ளை ஆல்’ அழுத்தினால் தீர்ந்தது கதை.

மேனேஜரிடம் மறைக்காதீர்கள் என்பதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு. ஏதோ புகார் விசாரணை, உள் தணிக்கை, இன்னும் வெளியே சொல்லக் கூடாத நிறுவன இணைப்பு போன்றவற்றுக்காக டைரக்டர் உங்களிடம் விவரம் கேட்டால், அது ரகசியம்தான். அப்போதும் “மேனேஜர் கேட்டால் என்ன சொல்லட்டும்?” என்று டைரக்டரிடமே கேட்டு வையுங்கள். முடிந்தால் பதிலை எழுத்தில் வாங்குங்கள். நீங்களாகப் பொய் ஜோடிக்காதீர்கள். ஆனால் “அவரிடம் சொல்லாதே, இழுத்தடிப்பார்” என்று டைரக்டர் சொன்னால் அது இந்தக் கணக்கில் வராது. அவரோடு மல்லுக்கட்ட டைரக்டருக்கே அலுப்பு, அவ்வளவுதான். “அவருக்குத் தெரியாமல் செய்தால் எனக்குச் சிக்கல் சார், நீங்கள் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்” என்று கேட்பதில் தவறே இல்லை.

ஹென்றி ஃபயோல் என்ற பிரெஞ்சு சுரங்கப் பொறியாளர், ஒரு ஊழியருக்கு ஒரே ஒருவரிடமிருந்துதான் உத்தரவு வர வேண்டும் என்று 1916லேயே எழுதிவிட்டார். நூறு வருடம் தாண்டியும் நிறுவனங்கள், யார் யாருக்குக் கீழே என்று காட்டும் வரைபடத்தில் புள்ளிக்கோடு போட்டு ஒரே ஊழியருக்கு இரண்டு மேலதிகாரிகளைக் காட்டுகின்றன. அந்தக் கோடு இடிக்கும் இடத்தில் கடைசி ஊழியரை நிறுத்திவிட்டு, ‘முன்னுரிமைகளைக் கையாளும் திறன் போதாது’ என்று அவர் அப்ரைசலிலேயே எழுதுகின்றன.

அதனால் எந்த வேலை யார் சொல்லி எந்தத் தேதியில் தள்ளிப்போனது என்று அவ்வப்போது குறித்து வாருங்கள். உங்கள் சுய மதிப்பீட்டில் அதையே எழுதுங்கள். ஆதாரம் என்று நினைத்து ஆபீஸ் மெயில்களைச் சொந்த மெயிலுக்கு அனுப்பி வைக்காதீர்கள். பல நிறுவனங்களில் அது விதிமீறல், அதை வைத்தே உங்களை மடக்கலாம். ஆபீஸ் மெயிலிலேயே ஒரு தனி ஃபோல்டர் போதும்.