முப்பது ஆண்டுப் பழைய சரவுண்ட் ஆம்ப்ளிஃபயரைப் புதிய டிவியோடு இணைக்க முடியுமா?

முடியும். ‘1990-களில் வாங்கிய டால்பி சரவுண்ட் ஆம்ப்ளிஃபயர் நன்றாகவே இருக்கிறது, புதிய டிவியில் அதற்கேற்ற துளையே இல்லை, காயலான் கடைக்குத்தான் போட வேண்டுமா’ என்று நீங்கள் கேட்டிருப்பதைப் படித்ததும் எனக்குப் பழைய கோபம் திரும்பிவிட்டது. “சார், இதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு சவுண்ட்பார் வாங்குங்கள்” என்று பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் ஒரு கடைக்காரர் என்னிடம் சொன்னார். நான் பொறியாளன் அல்லன். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆகவே இங்கே நான் எழுதுவது என் வீட்டுக் கூடத்தில் பட்டுத் தெரிந்துகொண்டது மட்டுமே என்பதை விவரம் தெரிந்தவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

என் தாய்மாமா 1995-இல் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது கொண்டுவந்த டால்பி புரோ லாஜிக் ஆம்ப்ளிஃபயர் அது. மாமா காலமான பிறகு, அத்தை அதைப் பழைய வேட்டி ஒன்றில் சுற்றி என்னிடம் கொடுத்தார். பின்பக்கத்தில் ஃபோனோ, சிடி, டேப், விசிஆர் என்று வரிசையாகச் சிவப்பும் வெள்ளையுமான ஆர்சிஏ துளைகள். என் டிவியிலோ எச்டிஎம்ஐ துளைகளும், உள்ளே சிவப்பாக ஒளிரும் சதுரமான ஆப்டிகல் துளை ஒன்றும் மட்டுமே இருந்தன. சிவப்பு வெள்ளைத் துளைகளை வைக்க எவ்வளவு செலவாகிவிடும் என்று அவற்றை எடுத்துவிட்டார்களோ தெரியவில்லை.

சென்னை ரிச்சி தெருவில் ஆப்டிகலை ஆர்சிஏவாக மாற்றும் சிறிய கன்வர்ட்டர் ஒன்று வாங்கி வந்தேன். டிவியிலிருந்து ஆப்டிகல் வயர் அதற்குள் போகும், அதிலிருந்து சிவப்பு வெள்ளை வயர் ஆம்ப்ளிஃபயருக்குப் போகும், அவ்வளவுதான் வேலை. இணைத்துவிட்டு டிவியைப் போட்டால் சத்தமே இல்லை. சில நிகழ்ச்சிகளில் மட்டும் அடுப்பில் எண்ணெய் பொரிவதைப் போன்ற இரைச்சல். இரண்டு நாள் வயரை மாற்றி மாற்றிச் செருகிய பிறகு, டிவியின் ஒலி அமைப்புப் பக்கத்தில் டிஜிட்டல் அவுட்புட் என்ற வரி ‘ஆட்டோ’வில் இருப்பதைப் பார்த்தேன். அப்படி இருந்தால் டிவி டால்பி டிஜிட்டல் என்ற சுருக்கப்பட்ட வடிவத்தில் ஒலியை அனுப்பிவிடும்; விலை குறைந்த கன்வர்ட்டர்களில் பலவற்றுக்குப் பிசிஎம் என்ற சுருக்கப்படாத வடிவம் ஒன்றுதான் புரியும். அந்த வரியைப் பிசிஎம் என்று மாற்றிய நொடியே கூடத்தில் குரல் கேட்டது.

கேட்டது என்றேனே தவிர, கேட்கும்படியாக இல்லை. மற்றத் துளைகளில் பச்சை பூத்திருந்ததால், மாமா ஒருநாளும் பயன்படுத்தாமல் பளபளவென்றிருந்த ஃபோனோ துளையில் நான் வயரைச் செருகியிருந்தேன். ஃபோனோ என்பது இசைத்தட்டு முள்ளிலிருந்து வரும் சில மில்லிவோல்ட் ஒலிக்காகப் பல மடங்கு பெருக்கும்படியும், அடித்தொனியைத் தனியே உயர்த்தும்படியும் செய்யப்பட்டது. டிவியின் ஒலியை அதில் விட்டால் செய்தி வாசிப்பவர் குடத்துக்குள்ளிருந்து உறுமுவார். நீங்கள் சிடி, டேப், விசிஆர் எதில் வேண்டுமானாலும் செருகலாம், ஃபோனோவில் மட்டும் வேண்டாம். பிளக்கைக் கழற்றிவிட்டு, பச்சையைக் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே அடித்துத் துடைத்தால் போய்விடும்.

“இரண்டு வயரில் வருவது வெறும் ஸ்டீரியோதானே, இதில் ஏது சரவுண்ட்” என்று உடனே ஒருவர் கேட்பார். 1987-இல் வந்த புரோ லாஜிக்கின் கெட்டிக்காரத்தனமே அதில்தான் இருக்கிறது. நடு ஸ்பீக்கருக்குரிய ஒலி இடது வலது இரண்டிலும் சமமாகக் கலந்திருக்கும். பின்பக்கத்துக்குரியது ஒன்றில் நேராகவும் மற்றதில் தலைகீழாகவும் கலந்திருக்கும். ஆம்ப்ளிஃபயர் இவற்றைப் பிரித்து நான்கு வழிகளாக்குகிறது. ஆக, நமக்குத் தேவையானதெல்லாம் ஒழுங்கான இரண்டு வழி ஒலிதான். பின் ஸ்பீக்கர் இரண்டிலும் ஒரே ஒலிதான் வரும், அதுவும் 7 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டப்பட்டுச் சற்று மங்கலாகவே இருக்கும். அதைப் பழுது என்று நினைத்து மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிடாதீர்கள், நான் கூப்பிட்டேன். தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் இன்றைய டால்பி அட்மாஸுக்கு இது ஈடு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் டால்பி சரவுண்டில் பதிவான படங்களை இதில் கேட்டால், மழைக் காட்சியில் முதுகுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டும்.

எல்லாம் முடிந்தபின் ‘ம்ம்ம்’ என்ற ஓயாத முனகல் மிஞ்சியது. செட்டாப் பாக்ஸின் கேபிள் வயரைக் கழற்றினால் நின்றது, மாட்டினால் வந்தது. அந்தப் பாக்ஸின் எச்டிஎம்ஐ டிவிக்கும், அதன் சிவப்பு வெள்ளை வயர் ஆம்ப்ளிஃபயருக்கும் போனதால், இரண்டு வழியாக எர்த் சேர்ந்து உண்டாகும் 50 ஹெர்ட்ஸ் முனகல் அது. சிவப்பு வெள்ளை வயரை எடுத்துவிட்டு எல்லா ஒலியையும் டிவியின் ஆப்டிகல் வழியாகவே விட்டேன். ஆப்டிகலில் செல்வது வெளிச்சம் என்பதால் முனகல் அடங்கியது. இதற்காகப் பிளக்கின் எர்த் காலை வெட்டச் சொல்பவர்கள் உண்டு. உயிரோடு விளையாடாதீர்கள்.

உங்களுடையது டிவிடி காலத்து 5.1 செட்டாக (ஐந்து ஸ்பீக்கரும், அடித்தொனிக்கென்று ஒரு சப்வூஃபரும்) இருந்து, அதிலேயே ஆப்டிகல் துளையும் இருந்தால் கன்வர்ட்டரே வேண்டாம். டிவியில் பிசிஎம்முக்குப் பதிலாக டால்பி டிஜிட்டலைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் 5.1 வெறும் இரண்டாகிவிடும். பழைய ஸ்பீக்கர்களை மட்டும் புதிய ஆம்ப்ளிஃபயரில் மாட்டுவதானால் பின்னால் எழுதியிருக்கும் ஓம் (மின்தடை) அளவைப் பாருங்கள். அந்தக் காலத்துச் செட்களோடு வந்த 3 ஓம், 4 ஓம் ஸ்பீக்கர்களை, 6 ஓமுக்குக் குறையக்கூடாது என்று போட்டிருக்கும் ஆம்ப்ளிஃபயரில் மாட்டினால் அது சூடேறி அணைந்துவிடலாம். சப்வூஃபருக்குத் தனி மின்வயர் இல்லையென்றால், புதிய ஆம்ப்ளிஃபயரின் சப்வூஃபர் துளையில் செருகினாலும் அது பேசாது. இடையில் அதற்கென்று ஓர் ஆம்ப்ளிஃபயர் வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், பெட்டி எந்த நாட்டிலிருந்து வந்தது என்று பாருங்கள். சிங்கப்பூர்ப் பெட்டிக்கு நம் 230 வோல்ட் ஒத்துப்போகும். அமெரிக்காவின் 120 வோல்ட், ஜப்பானின் 100 வோல்ட் பெட்டியானால், வோல்டேஜ் மாற்றும் சுவிட்ச் இல்லாத பட்சத்தில் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் பிளக்கில் செருகவே கூடாது. பின்பக்கத்தில் எழுதியிருப்பதைக் கீழே குறிப்பிட்டால், எந்தத் துளையில் எதைச் செருகுவது என்று எழுதுகிறேன்.