கசிகிற மடை: இதயமும் கால்சியமும், கேள்வி பதில்

மருத்துவக் கல்லூரியில் முப்பது வருஷம் உடலியங்கியல் பாடம் நடத்திவிட்டுத் தங்கச்சிமடத்துக்கே திரும்பி வந்துவிட்டேன். இதய செல்லுக்குள் இருக்கும் கால்சியம் வாசலைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். அந்த வாசல் மடை மாதிரி, அது சரியாக மூடாமல் கால்சியம் கசிந்தால் இதயம் பலவீனமாகும், படபடப்பும் வரும் என்று சொல்லியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டாக்டர் பொறுப்பு. உள்ளே என்ன நடக்கிறது என்று விளக்குவதுதான் என் வேலை.

டீச்சர், அம்மாவுக்கு இதயம் பலவீனமாக இருக்கிறது, பம்பிங் குறைவு என்று எக்கோவில் வந்திருக்கிறது. கால்சியம்தான் காரணம் என்றால் நெத்திலியையும் கால்சியம் மாத்திரையையும் நிறுத்திவிடலாமா? (மண்டபம்)

நெத்திலியை நிறுத்த வேண்டாம் தம்பி. மாத்திரையை எலும்புக்காக டாக்டர் எழுதியிருந்தால், அவரைக் கேட்காமல் அதையும் நிறுத்தக் கூடாது. சாப்பாட்டுக் கால்சியம் வேறு, நான் சொன்ன கணக்கு வேறு.

கால்சியம் இல்லாமல் இதயம் துடிக்கவே துடிக்காது. 1883இல் லண்டனில் சிட்னி ரிங்கர் தவளை இதயத்தை உப்புக் கரைசலில் வைத்துத் துடிக்கவிட்டார். குழாய்த் தண்ணீரில் கலந்த கரைசலில் நன்றாகத் துடித்தது. காய்ச்சி வடித்த தண்ணீருக்கு மாற்றியதும் நின்றுபோனது. குழாய்த் தண்ணீரில் இருந்த கால்சியம்தான் அதைத் துடிக்க வைத்திருக்கிறது. நம் ஊர்த் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியுமே, அதிலும் அதே சுண்ணாம்புச் சத்துதான் இருக்கிறது.

ஒவ்வொரு இதய செல்லுக்குள்ளும் ஒரு கண்மாய் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதில் கால்சியம் தேங்கியிருக்கிறது. மின்சாரத் துடிப்பு வந்ததும் வெளியிலிருந்து கொஞ்சம் கால்சியம் செல்லுக்குள் வருகிறது. அந்தக் கொஞ்சம் போய்த் தொட்டதும் கண்மாயின் மடை திறந்து பல மடங்கு கால்சியம் பாய்கிறது, தசை சுருங்குகிறது. உடனே மடை மூடிவிடும். ஒரு பம்பு பாய்ந்த கால்சியத்தில் பெரும்பகுதியைத் திரும்பக் கண்மாய்க்குள் இறைத்துவிடும், தசை தளரும். ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை இது நடக்கிறது. மடைக்குப் பெயர் ரயனோடின் ஏற்பி. ரயனோடின் என்பது தென் அமெரிக்கச் செடி ஒன்றின் நஞ்சு. அது போய் ஒட்டிக்கொள்ளும் இடம் என்பதால் இந்தப் பெயர்.

பலவீனமான இதயத்தில் இந்த மடை சரியாக மூடுவதில்லை. துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவில், ஓய்வாக இருக்க வேண்டிய நேரத்தில், சொட்டுச் சொட்டாகக் கசிகிறது. பம்பும் தளர்ந்துபோயிருக்கும். ஆக அடுத்த துடிப்புக்குக் கண்மாய் நிறைவதில்லை. அம்மாவின் ரத்தத்தில் கால்சியம் சரியாகவே இருக்கலாம். குறைவது உள்ளே இருக்கும் சேமிப்பு.

ஒரே கசிவு பலவீனத்தையும் தருகிறது, படபடப்பையும் தருகிறது என்கிறீர்களே, எப்படி? (பாம்பன்)

மிக நல்ல கேள்வி. கசிந்த கால்சியத்தில் ஒரு பங்கைச் செல் வெளியே தள்ளியாக வேண்டும். ஒரு கால்சியத்தைத் தள்ள மூன்று சோடியத்தை உள்ளே எடுத்துக்கொள்கிறது. கால்சியத்தின் மின்னூட்டம் இரண்டு, சோடியத்துக்கு ஒன்று. ஒவ்வொரு முறையும் ஒரு மின்னூட்டம் உள்ளே கூடிக்கொண்டே போகிறது. அது ஓர் எல்லையைத் தாண்டினால், யாரும் கூப்பிடாமலே ஒரு துடிப்பு கிளம்பிவிடும். ஒன்றிரண்டு என்றால் நெஞ்சு ஒரு தடவை துள்ளும், அவ்வளவுதான். விடாமல் வரிசையாக வந்தால் உயிருக்கே ஆபத்து.

மடை ஏன் கசிகிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் சண்டை தீரவில்லை. பயத்திலும் ஓட்டத்திலும் உடலில் சுரக்கும் அட்ரினலின் ஓயாமல் உசுப்புவதால் மடையின் மேல் பாஸ்பேட் என்ற வேதித் துணுக்கு ஏறிக் கசிய வைக்கிறது என்று 2000இல் ஒரு குழு சொன்னது. எந்த இடத்தில் ஏறுகிறது, எந்த நொதி ஏற்றுகிறது என்பதில் மற்றவர்கள் ஒத்துப்போகவில்லை. கசிவு உண்டு என்பதில் பெரிதாகக் கருத்து வேறுபாடு இல்லை.

என் மகளுக்குப் பதினோரு வயது. ஓட்டப்பந்தயத்தில் மயங்கி விழுந்தாள், போன வருஷமும் இப்படித்தான். ஈசிஜி நார்மல். வலிப்பு என்கிறார்கள், பயந்த கோளாறு என்று மந்திரிக்கவும் சொல்கிறார்கள். (தொண்டி)

தங்கச்சி, இந்தப் பதிலை இரண்டு தடவை படியுங்கள்.

ஓடும்போதோ, பயத்திலோ, அழுகையிலோ திடீரென்று சுருண்டு விழும் பிள்ளையை இதய டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். மடையைச் செய்யும் மரபணுவில் பிறவியிலேயே மாற்றம் இருந்தால் அட்ரினலின் ஏறும்போது மட்டும் மடை கசியும். படுக்க வைத்து எடுக்கும் ஈசிஜியில் ஒன்றும் தெரியாது. எக்கோவும் சரியாக இருக்கும். டாக்டர் பக்கத்தில் இருக்க, டிரெட்மில்லில் ஓடவைத்துப் பார்த்தால்தான் பிடிபடும்.

எங்கள் சொந்தத்தில் ஒரு பையன் கரைவலை இழுக்கும்போது கயிற்றைப் பிடித்தபடியே விழுந்தான். நாலு வருஷம் வலிப்பு மாத்திரை தின்றான். அப்புறம் எடுத்த டிரெட்மில் தாளை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். வேகம் கூடக்கூட ஒரு துடிப்பு மேல் நோக்கி, அடுத்தது கீழ் நோக்கி, மாறி மாறி வந்திருந்தது. இந்த நோயின் கையெழுத்தே அதுதான். அந்த நாலு வருஷத்தை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

இந்த நோய் என்று உறுதியானால் அட்ரினலினின் உசுப்பலைத் தடுக்கும் பீட்டா பிளாக்கர் கொடுப்பார்கள், தேவைப்பட்டால் துடிப்பை ஒழுங்குபடுத்தும் ஃப்ளெக்கனைடு என்ற மருந்தையும் சேர்ப்பார்கள். கூடப் பிறந்தவர்களையும் பரிசோதிக்க வேண்டும், தாய் தகப்பனையும்தான். கண்மாய்க்குள் கால்சியத்தைப் பிடித்துவைக்கும் புரதம் ஒன்று பழுதானாலும் இதே நோய் வரும். சொந்தத்தில் பெண் எடுக்கும் குடும்பங்களில் அந்த வகைக்கு வாய்ப்பு அதிகம். பரிசோதனை முடியும்வரை ஓட்டம், நீச்சல், கடலில் குளியல் எதுவும் வேண்டாம். மறுபடி விழுந்து மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்தால் நெஞ்சை அமுக்கிக்கொண்டே 108ஐக் கூப்பிடுங்கள்.

பலவீனமான இதயத்துக்கு வேகத்தைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் எதற்கு? (தேவிபட்டினம்)

முன்பு டாக்டர்களும் இப்படித்தான் பயந்தார்கள். 1990களில் நடந்த பெரிய சோதனைகளில் ஆயுளைக் கூட்டுகிறது என்று தெரிந்தது. அட்ரினலினின் உசுப்பலைத் தடுப்பதால் மடைக்கு ஓய்வு கிடைக்கிறது, துடிப்புகளுக்கு நடுவே கண்மாய் நிறையவும் நேரம் கிடைக்கிறது. குறைந்த அளவில் ஆரம்பித்து மெதுவாக ஏற்றுவார்கள். முதல் வாரங்களில் அசதி இருக்கலாம். சட்டென்று நீங்களாக நிறுத்தாதீர்கள், ஆபத்து.

மடையையே அடைக்க மருந்து இல்லையா காக்கா மகளே? (கீழக்கரை)

அண்ணன் மகளே என்று பெரியவர் இப்படி உரிமையோடு கூப்பிட்டது சந்தோஷம். மடையை இறுக்கவென்றே செய்த மருந்துகள் சோதனையில் இருக்கின்றன, கடைக்கு வரவில்லை. தொண்டிக்காரருக்குச் சொன்ன ஃப்ளெக்கனைடை எல்லாருக்கும் கொடுக்க முடியாது. மாரடைப்பு வந்து தழும்பேறிய இதயங்களில் அது சாவைக் கூட்டியது என்று 1989இல் ஒரு பெரிய சோதனையில் அதைப் பாதியில் நிறுத்தினார்கள்.

டிகாக்ஸினும் அரளி விதையும் ஒரே மாதிரி வேலை செய்யுமா? (உச்சிப்புளி)

ஆமாம். இரண்டும் சோடியத்தை வெளியேற்றும் பம்பைத் தடுக்கும், அதனால் செல்லுக்குள் கால்சியம் ஏறும். டிகாக்ஸின் இதயத்துக்கு அளந்து கொடுக்கும் மருந்து. அரளி விதை அளவில்லாத விஷம். யாராவது தின்றுவிட்டால், தெம்பாகத் தெரிந்தாலும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். துடிப்பு பின்னாலும் கெடலாம்.

அப்பாவுக்கு ஹார்ட் ஃபெயிலியர். கருவாடு இல்லாமல் சோறு இறங்கவில்லை என்கிறார். (ஏர்வாடி)

கருவாட்டை விட வேண்டும் என்றுதான் சொல்வேன். உப்பு தண்ணீரைப் பிடித்துவைக்கும், கால் வீங்கும், படுத்தால் மூச்சு முட்டும். பச்சை மீனில் புளியும் மிளகும் தூக்கலாகப் போட்டுக் கொடுங்கள், உப்பைக் குறையுங்கள். தினமும் காலையில் சிறுநீர் கழித்ததும், சாப்பிடும் முன், எடை பார்த்து காலண்டர் தாளில் குறித்து வையுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள்.