கதவு தொங்கும் பழைய பிக்அப்: வேலையை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: என்னிடம் 2007-ஆம் ஆண்டு டாடா 207 பிக்அப் இருக்கிறது. ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றிச் செல்கிறேன். ஓட்டுநர் பக்கக் கதவைச் சற்றுத் தூக்கிப் பிடித்துச் சாத்தினால்தான் பூட்டு விழுகிறது. அந்தக் கதவுக்கும் முன் மட்கார்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி மேலே அகன்றும் கீழே குறுகியும் காணப்படுகிறது. பானெட்டும் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கிறது. கீலை நெம்பிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பட்டறையில் சொல்கிறார்கள். அப்படிச் செய்யலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கீலை நெம்புவது தவறான வேலையன்று. ஆனால் அது கடைசியில் செய்ய வேண்டியது. உங்கள் வண்டியில் சேஸிஸ் (அடிச்சட்டம்) தனி, கேபின் தனி, லோடு பாடி தனி. கேபின் ரப்பர் மவுண்டிங்குகளின் (தாங்கிகளின்) மேல் உட்கார்ந்திருக்கிறது. கதவு கேபினில் தொங்குகிறது. மட்கார்டு பின்புறம் கேபினோடும் முன்புறம் ரேடியேட்டர் தாங்கியோடும் பிணைந்திருக்கிறது. இவற்றில் எது இடம்பெயர்ந்தாலும் அது கதவின் இடைவெளியில்தான் முதலில் கண்ணுக்குத் தெரியும். கதவில் தெரிகிறது என்பதற்காகக் கோளாறும் கதவில்தான் இருக்கிறது என்று கொள்ள முடியாது.

முன்பக்க இடைவெளி மேலே அகன்றிருப்பதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். பூட்டுப் பக்கம் கதவு இறங்கியிருந்தால், அதன் முன்விளிம்பின் மேல்முனை பின்னோக்கிச் சாயும். மாறாக, ரேடியேட்டர் தாங்கியின் அடியிலுள்ள ரப்பர் அமுங்கி வண்டியின் மூக்கு தாழ்ந்திருந்தால், மட்கார்டின் மேல்முனை முன்னோக்கிச் சாயும். முன்னால் நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். பிரித்தறிய வேண்டுமானால் கதவின் பின்விளிம்புக்கும் பின் பில்லருக்கும் (கதவுக்குப் பின்னால் நிற்கும் கேபின் தூணுக்கும்) இடையிலுள்ள இடைவெளியைப் பாருங்கள். அங்கே மேலே குறுகிக் கீழே அகன்றிருந்தால் கதவு இறங்கியிருக்கிறது. அங்கே சீராக இருந்தால் கதவைத் தொடவே தேவையில்லை. மூக்குப் பகுதியைத்தான் கவனிக்க வேண்டும். தூக்கிச் சாத்த வேண்டியிருக்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பதால் கதவு இறங்கியிருப்பது ஏறக்குறைய உறுதி. ஆனால் பானெட் ஒதுங்கியிருப்பதை அது விளக்கவில்லை. இரண்டு கோளாறுகளும் சேர்ந்தே இருக்கின்றன என்பது என் ஊகம்.

வண்டியைச் சுமையில்லாமல் சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கரங்களின் காற்றையும் சரிபார்த்துக்கொண்டு, கதவைப் பாதியளவு திறந்து, பூட்டுப் பக்கத்தின் அடிவிளிம்பைப் பிடித்து மேலே தூக்குங்கள். இன்னொருவர் கீல்களை உற்றுப் பார்க்கட்டும். கீலின் ஊசி தன் துளைக்குள் ஆடினால் ஊசியும் அதைச் சுற்றியுள்ள சிறு குழலான புஷ்ஷும் தேய்ந்திருக்கின்றன. கீல் பொருந்தியிருக்கும் தகடே அசைந்தால் போல்ட் தளர்ந்திருக்கலாம், அல்லது பில்லர் தகடு விரிசல் விட்டோ துருவரித்தோ இருக்கலாம். தேய்மானம் சிறிதுதானே என்று விட்டுவிடக் கூடாது. இரண்டு கீல்களுக்கும் இடையே 40 செ.மீ. தூரமும் கதவு 1 மீட்டர் நீளமும் இருப்பதாக வைத்துக்கொண்டால், மேல் கீலில் உள்ள 1 மி.மீ. ஆட்டம் பூட்டுப் பக்கத்தில் 2.5 மி.மீ. இறக்கமாகப் பெருகும். ஊசியும் புஷ்ஷும் மாற்றுவது சிறிய வேலை. நெம்புதலைப் பற்றி நினைப்பதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும். தேய்ந்த ஊசியை வைத்துக்கொண்டு கீலை நெம்பினால் சில வாரங்களில் கதவு பழைய இடத்துக்கே வந்துவிடும்.

அடுத்ததாக வண்டிக்கு அடியில் படுத்து, கேபின் மவுண்டிங் ரப்பர்களைப் பாருங்கள். காளானைப் போல ஓரம் பிதுங்கியோ, வெடித்தோ, ஒரு பக்கம் மட்டும் அமுங்கியோ இருந்தால் அவற்றின் ஆயுள் முடிந்துவிட்டது. சேஸிஸின் மேல்தளத்திலிருந்து கேபினின் அடித்தளம் வரையுள்ள உயரத்தை இரு பக்கமும் ஒரே இடங்களில் அளந்தால் கேபின் எந்த மூலையில் தாழ்ந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். ஒரே ஒரு ரப்பரை மட்டும் மாற்றாதீர்கள். புதியதும் பழையதும் ஒரே உயரத்தில் நிற்காது. பழைய லாரி டயரை வெட்டி வைக்கும் வழக்கம் நம் பட்டறைகளில் இருக்கிறது. அவசரத்துக்கு அது உதவும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் துண்டுக்குத் துண்டு கடினம் மாறுபடுவதால், சரிபார்த்த இடைவெளிகள் மீண்டும் கலைந்துபோகும்.

மாற்றும்போது ஒரு பக்கத்தின் போல்ட்டுகளைக் கழற்றி, மறுபக்கத்தைத் தளர்த்தி மட்டும் வைத்து, ஜாக்கியின் மேல் அகலமான பலகை வைத்துக் கேபினை மெதுவாக உயர்த்த வேண்டும். பலகை இல்லாமல் ஜாக்கியை நேரே வைத்தால் தளத்தகடு குழிந்துவிடும். ரப்பர் வெளியே வரும் அளவுக்கு மட்டும் உயர்த்துங்கள். ஸ்டீயரிங் தண்டு, பிரேக் மற்றும் கிளட்ச் குழாய்கள், கை பிரேக் கேபிள், ரேடியேட்டர் ஹோஸ், எர்த் வயர் ஆகியவை இழுபடுகின்றனவா என்பதை ஒவ்வொரு முறையும் பார்த்த பிறகே ஜாக்கியை மேலும் உயர்த்துங்கள். ரேடியேட்டர் தாங்கியின் ரப்பரையும் இதே சமயத்தில் மாற்றிவிடலாம். பில்லரில் வெல்டிங் தேவைப்பட்டால் பேட்டரியின் இணைப்பைக் கழற்றியாக வேண்டும். புதிய ரப்பர் கொஞ்சம் அமர வேண்டும். ஆகவே ஒரு வாரம் வழக்கம்போல் சுமை ஏற்றி ஓட்டிவிட்டு, போல்ட்டுகளை மறுபடி இறுக்கிய பின்பே கதவுக்கு வாருங்கள்.

இதற்கு மேல் வேலை பின்னாலிருந்து முன்னால் நகர வேண்டும். பின் பில்லர் நகராது. ஆகவே அதற்குக் கதவு, கதவுக்கு மட்கார்டு, மட்கார்டுக்குப் பானெட் என்பதே வரிசை. இதைத் தலைகீழாக்கி மட்கார்டை முதலில் பொருத்திவிட்டுக் கதவை அதற்கு ஒப்ப வளைப்பவர்களிடம் வேலை கொடுக்க வேண்டாம்.

கதவைச் சரிசெய்யும்போது பில்லரில் உள்ள பூட்டுக் கொக்கியை முதலில் கழற்றிவிடுங்கள். அது இருக்கும்வரை கதவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருப்பதால் கதவின் உண்மையான தொங்கல் தெரியாது. கண்ணாடியும் அதன் ஏற்றியிறக்கியும் கதவுக்குள் இருக்கும் நிலையிலேயே வேலை செய்யுங்கள். அவற்றின் எடையும் கணக்கில் வர வேண்டும். கீல் இப்போது இருக்கும் இடத்தைக் கோடிட்டுக் குறித்து, துணி சுற்றிய பலகையால் கதவைத் தாங்கி, ஒரு சமயத்தில் ஒரு கீலை மட்டும் தளர்த்தி, தேவைக்கு மேல் 1 மி.மீ. உயர்த்தி இறுக்குங்கள், தாங்கலை எடுத்ததும் அது இறங்கிச் சரியாகும். துருப்பிடித்த போல்ட்டில் முந்தைய நாளே எண்ணெய் விட்டு வைத்தால் தலை முறியாமல் தப்பும். போல்ட் துளையின் எல்லை வரை நகர்த்தியும் போதவில்லை, ஊசியும் புதிது, பில்லரில் துருவும் இல்லை என்ற நிலை வந்தால், அப்போது கீலைச் சிறிதளவு நெம்பலாம். துருப்பிடித்த பில்லரில் நெம்பினால் கீல் வளையாது, தகடுதான் கிழியும்.

பிறகு கொக்கியைப் பொருத்தி, கதவு எந்தத் தூக்கலும் இல்லாமல் அதில் நுழையும்படி வையுங்கள். கொக்கியை உயர்த்திக் கதவை அதன் மேல் ஏற்றிவிடுவது பூட்டைத் தேய்க்கும். கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கில் (விளிம்புப் பட்டையில்) ஒரு காகிதத் துண்டை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். சுற்றிலும் ஒரே அளவு பிடிப்பு இருந்தால் மழைநீர் நுழையாது. புதிய பீடிங் போட்டிருந்தால் சில நாள்களுக்குக் கதவு இறுக்கமாகவே சாத்தும். அதற்காகக் கீலை மீண்டும் கலைக்காதீர்கள்.

இடைவெளி எவ்வளவு இருக்க வேண்டும் என்று பலர் கேட்பதுண்டு. இந்த வயது வண்டியில் 5 மி.மீ. அளவில், மேலிருந்து கீழ்வரை சீராக இருந்தால் அதுவே நல்ல வேலை. பட்டி பூசி விளிம்பை வளர்த்து இடைவெளியை ஒழுங்காகக் காட்டுகிறவர்களும் உண்டு. அந்த விளிம்பு கதவைப் பலமுறை அடித்துச் சாத்தும்போது உதிர்ந்துவிடும்.

மட்கார்டில் எல்லாப் போல்ட்டுகளையும் தளர்த்தி, கதவின் விளிம்புக்கு இணையாக நிறுத்தி, தேவையான இடத்தில் வாஷரைச் செருகி இறுக்கினால் போதும். பானெட்டை அதன் கீல் துளைகளில் நகர்த்தி நடுப்படுத்திய பின், முன்னோர ரப்பர் முட்டுகளால் உயரத்தைச் சரிசெய்யுங்கள். முதல் முறை அதை மூடும்போது பூட்டைக் கழற்றிவிட்டு, இருவர் இரு பக்கமும் நின்று கையால் மெதுவாக இறக்குங்கள்; ஒதுங்கியிருந்த பானெட்டின் மூலை மட்கார்டில் உரசினால் புதுப் பெயின்ட்டுக்காக மறுபடியும் பட்டறைக்குப் போக வேண்டியிருக்கும்.