யூடியூபில் புரிகிறது, தேர்வில் எழுத வரவில்லை: பத்தாம் வகுப்புக் கணிதம்

யூடியூபில் கணிதம் பார்த்தும் மகனுக்குத் தேர்வில் எழுத வரவில்லை, கைப்பேசியைப் பிடுங்கி வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். முதலில் பாடநூலைப் படித்து எழுதிப் பார்த்து, தடுக்கிய இடத்துக்கு மட்டும் காணொளி பார்க்குமாறு வரிசையை மாற்றுங்கள்.

தண்டையார்பேட்டையில் பத்தாம் வகுப்புப் படிக்கும் உங்கள் மகன் தினமும் 2 மணி நேரம் யூடியூபில் கணிதம் பார்த்தும் தேல்ஸ் தேற்றத்தை (முக்கோணத்தின் ஒரு பக்கத்துக்கு இணையாக வரையும் கோடு மற்ற இரு பக்கங்களையும் ஒரே விகிதத்தில் பிரிக்கும் என்பதை) எழுத முடியாமல் போனதற்கு, அவன் பார்த்தது வேறு பாடத்திட்டத்தின் நிரூபணமாக இருந்தது காரணமாகலாம். மத்தியப் பாடத்திட்டத்துக்கான என்.சி.இ.ஆர்.டி. நூல் அதை முக்கோணங்களின் பரப்பளவைக் கொண்டு நிரூபிக்கிறது. நம் மாநில நூலோ வடிவொத்த முக்கோணங்களைக் கொண்டு நிரூபிக்கிறது. இரண்டும் சரியானவையே. ஆனால் அதில் பாதியும் இதில் பாதியுமாக மனத்தில் தங்கினால் எதையும் முடிக்க இயலாது.

இன்றிரவே சோதித்துப் பாருங்கள். காணொளி முடிந்ததும் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வெள்ளைத்தாளில் படம் வரைந்து நிரூபணத்தை எழுதச் சொல்லுங்கள். ராயபுரத்தில் என்னிடம் மாலையில் படிக்கும் பிள்ளைகள் பலருக்கு, முக்கோணத்தின் பக்கத்தை இரு துண்டுகளின் கூடுதலாகப் பிரிக்கும் வரியில்தான் பேனா நிற்கிறது. பிறர் எழுதிக் காட்டும்போது மிக எளிதாகத் தோன்றும் வரி அது.

அடுத்த காணொளி தானாக ஓடும் வசதியையும் நிறுத்திவிடுங்கள். பாடநூலை வைத்துப் படித்தும் அதே இடத்தில் தடுக்கினால், குறை காணொளியில் இல்லை. விகிதக் கணக்கின் அடிப்படையை அவனுடைய ஆசிரியரிடம் மறுபடியும் கேட்டுப் படிக்கச் செய்ய வேண்டியிருக்கும்.