திரை பச்சையாக இருந்தால் போதுமா?

கேள்வி: விமான நிறுவனம் ஒன்றில் அண்மையில் துணை விமானியாகச் சேர்ந்திருக்கிறேன். மலை சூழ்ந்த விமான நிலையங்களில், இரவில் மேகத்துக்குள் இறங்கும்போது, நிலம் எங்கே இருக்கிறது என்ற உணர்வு எனக்கு நழுவிவிடுகிறது. நிலப்பரப்புத் திரை பச்சையாக இருந்தால் கவலை வேண்டாம் என்கிறார் ஒரு மூத்த விமானி. டேப்லெட்டில் ஓடும் நிலப்பட ஆப் ஒன்றை வாங்கச் சொல்கிறார் இன்னொருவர். எதைக் கேட்பது?

பதில்: இரண்டையும் நம்பி இறங்காதீர்கள். முன்னே உள்ள நிலம் உங்கள் விமானத்தை விட எவ்வளவு மேலே அல்லது கீழே இருக்கிறது என்பதைத்தான் அந்தத் திரையின் நிறங்கள் காட்டுகின்றன. நீங்கள் இறங்குகிற பாதை சரியா என்பதை அவை சொல்வதில்லை. மேலும், தரையிறங்குவது என்றாலே தரையை நெருங்குவதுதான் என்பதால், ஓடுபாதைக்கு அருகில் வீண் எச்சரிக்கைகள் எழாதபடி அந்தத் திரையோடு இணைந்த தரை எச்சரிக்கைக் கருவியை வேண்டுமென்றே அடக்கி வடிவமைத்திருக்கிறார்கள்.

உணர்வு நழுவாமல் இருப்பதற்கான வேலை, இறங்கத் தொடங்குவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அப்ரோச் (ஓடுபாதையை நோக்கி இறங்கும் கட்டம்) வரைபடத்தில் குறைந்தபட்சப் பாதுகாப்பு உயரம் எவ்வளவு, உயர்ந்த சிகரம் எந்தப் பக்கம், கோ அரவுண்ட் (இறங்குவதைக் கைவிட்டு மீண்டும் மேலேறுவது) செய்தால் எந்தத் திசையில் திரும்ப வேண்டும் என்ற மூன்றையும் கேப்டனிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு, ஓடுபாதைக்கு மீதமுள்ள ஒவ்வொரு நாட்டிகல் மைலுக்கும் 300 அடி என்று கணக்கிட்டு, ஓடுபாதையின் உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஓடுபாதை கடல் மட்டத்திலிருந்து 400 அடியில் இருந்தால், 5 மைல் தொலைவில் உயரமானி ஏறத்தாழ 1,900 அடி காட்ட வேண்டும். அதற்கு வெகுவாகக் கீழே இருந்தால் காரணம் தேடிக்கொண்டிருக்காமல் கோ அரவுண்ட் செய்யுங்கள்.

இந்தக் கணக்கும் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பயிற்சியில் இதை ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். 2022 மே மாதம், பாரிஸின் சார்ல் த கோல் விமான நிலையத்தில் இறங்க வந்த ஏ320 விமானம் ஒன்றுக்கு, கியூஎன்எச் அழுத்தம் (உயரமானியில் பொருத்த வேண்டிய கடல் மட்டக் காற்றழுத்தம்) 1001 என்பதற்குப் பதிலாக 1011 ஹெக்டோபாஸ்கல் என்று கட்டுப்பாட்டாளர் தவறாகக் கொடுத்தார். ஒரு ஹெக்டோபாஸ்கலுக்குச் சுமார் 28 அடி என்பதால், உயரமானி காட்டியதை விட விமானம் ஏறக்குறைய 280 அடி தாழ்வாகப் பறந்தது. காற்றழுத்தத்தை வைத்தே செங்குத்துப் பாதையை அமைக்கும் அப்ரோச் அது என்பதால், தொலைவும் உயரமும் திரையில் கச்சிதமாகப் பொருந்தின. திரையைப் பார்த்து விமானிகளுக்கு ஐயம் எழ வழியே இல்லை. ஓடுபாதையை அடையும் முன்னரே தரைக்கு 6 அடி வரை தாழ்ந்து, கோ அரவுண்ட் செய்து தப்பினார்கள். விமானத்தின் தரை எச்சரிக்கைக் கருவி வாய் திறக்கவே இல்லை. ஓடுபாதைக்கு வழிகாட்டத் தரையிலிருந்து அனுப்பப்படும் ஐஎல்எஸ் வானொலிக் கற்றை காற்றழுத்தத்தைச் சார்ந்ததல்ல என்பதால், அதில் இறங்கியிருந்தால் கற்றையை வரைபடம் குறிக்கும் இடத்தில் கடக்கும்போதே உயரம் பொருந்தாமல் இந்தப் பிழை தெரிந்திருக்கும். ஆகவே, கட்டுப்பாட்டாளர் சொல்லும் கியூஎன்எச் எண்ணை விமான நிலையத்தின் வானிலைத் தகவலைத் தரும் ஏடிஐஎஸ் ஒலிபரப்போடு எப்போதும் ஒப்பிடுங்கள். ஓரிரு எண் மாறுவது இயல்பு, பத்து மாறினால் மீண்டும் கேளுங்கள். 1,000 அடியில், கீழே உள்ள தரைக்கான தூரத்தை நேரடியாக அளக்கும் ரேடியோ உயரமானியையும் பாருங்கள். ஓர் எண்ணைத் தவறாகச் சொன்னால் தடுக்க இரண்டாவது கதவு இல்லாத ஒரு முறையை இத்தனை ஆண்டுகள் நாம் பொறுத்துக்கொண்டிருப்பது எனக்குப் புரியாத புதிர்.

ஆப் பற்றிக் கேட்டீர்கள். ஓய்வறையில் நிலத்தின் அமைப்பைப் படிக்க அது உதவும். விமானி அறையில், சான்றிதழ் பெற்ற கருவிக்கு மாற்றாக வைத்துக்கொள்ளக் கூடாது. அதன் தரவு எந்தத் தேதியது, அதில் தடைகள் முழுமையாக இருக்கின்றனவா என்று விற்பவரிடம் கேட்டுப் பாருங்கள், பேச்சு உடனே தள்ளுபடிக்குத் தாவும். புதிதாகச் சேர்ந்தவர்களைக் குறிவைத்து, "மலைப்பகுதிச் சிறப்புப் பயிற்சி" என்று சான்றிதழ் விற்கும் தரகர்களும் இருக்கிறார்கள். உங்கள் நிறுவனத்தின் பயிற்சிப் பிரிவு ஏற்காத எந்தத் தாளுக்கும் காசு கொடுக்காதீர்கள். அந்தந்த விமான நிலையத்துக்கான தகுதிப் பயிற்சியைக் கொடுக்க வேண்டியது நிறுவனத்தின் கடமை.

"புல் அப்" (மேலே ஏறு) என்று தரை எச்சரிக்கைக் கருவியின் குரல் இரவிலோ மேகத்துக்குள்ளோ ஒலித்தால், தரவுத்தளம் பழையதாக இருக்குமோ, ஜிபிஎஸ் குறுக்கீடாக இருக்குமோ என்று அந்த நொடியில் ஆராயாதீர்கள். 2012 இல் இந்தோனேசியாவின் சாலாக் மலையில் மோதி 45 பேரைப் பலிகொண்ட சூப்பர்ஜெட் பயணிகள் விமானத்தின் விமானி அறையில் எச்சரிக்கை ஒலிக்கத்தான் செய்தது. தரவுத்தளக் கோளாறு என்று எண்ணிக் கருவியை அணைத்துவிட்டார்கள். 1995 இல் கொலம்பியாவின் கலி நகருக்கு அருகே அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள் உடனே மேலேற முயன்றார்கள். ஆனால் வேகத்தைக் குறைக்க இறக்கையின் மேல் விரித்த வேகத்தடைகளை மடக்க மறந்து, மலையில் மோதினார்கள். சிமுலேட்டரிலோ, இந்த எச்சரிக்கைக்கான பயிற்சியை முன்கூட்டியே அறிவித்துவிட்டு, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நடத்தி, தாளில் ஒரு குறி போட்டு முடித்துவிடுகிறார்கள். அடுத்த அமர்வில், வேகத்தடை விரிந்திருக்கும் நேரமாகப் பார்த்து, முன்னறிவிப்பின்றி அந்த எச்சரிக்கையைக் கொடுக்கும்படி பயிற்றுநரிடம் கேளுங்கள்.